ஆர்ஸ் ஊர்ப் பங்குக்குரு



பாவசங்கீர்த்தனத்திற்குப் போகக் கூச்சமாயிருக்கிறது என்கிறவர்கள் அர்ச். மரிய வியான்னியின் சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள். 1925-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் இவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் சூட்டினார்.

பிரான்சு தேசத்தில், லியோன் நகரையடுத்த தார்தில்லி என்னும் சிற்றூரில் 1786-ல் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். மூன்று வயதில் பிரஞ்சுப் புரட்சி மூண்டது. அரசின் பிரமாணத்தை ஏற்காத குருக்கள் மறைந்து திரிந்தார்கள். ஆகவே 1797-ல் அவர் செய்த முதல் பாவசங்கீர்த்தனம் கோவிலில் அல்ல. சொந்த வீட்டுக் கடிகாரத்தின் அடியில், இரகசியமாய் வந்த குரு ஒருவரிடம்.

படிப்பு ஏறவில்லை. இலத்தீன் வராததால் குருமடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். எக்குல்லி பங்குக்குரு பாலே சுவாமி கைவிடாமல் பாடம் சொல்லிக்கொடுத்ததால் 1815-ல் குருப்பட்டம் கிடைத்தது. ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம் உடனே தரப்படவில்லை. சில மாதம் கழித்து அது கிடைத்தபோது, அவர்முன் முதலில் முழந்தாளிட்டவர் யார் தெரியுமா? அந்தப் பாலே சுவாமியே!

1818-ல் ஆர்ஸ் ஊருக்கு வந்தார். ஏறக்குறைய 230 பேர். ஞாயிற்றுக்கிழமையிலும் வயல் வேலை, சாராயக்கடை, நடனம். தொட்டியில் உட்கார்ந்தால் வருவாரில்லை. அவரோ விடியுமுன் திவ்விய நற்கருணை முன் முழந்தாளிட்டு அவர்களுக்காக மன்றாடினார். மெல்ல மெல்ல ஊரார் வந்தார்கள், பிறகு அயலூரார், பிறகு தேசமெங்குமிருந்து பாவிகள். லியோன் இரயில் நிலையத்தில் ஆர்ஸ் பயணிகளுக்கென்றே தனியாக டிக்கெட் கொடுத்தார்களாம்! நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கே எழுந்து, நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்கூடத் தொட்டியில் இருப்பார். சனிக்கிழமை மாலை பத்துப் பேர் வரிசையில் நின்றாலே சலித்துக்கொள்ளும் நமக்கு இது விளங்குவது கடினம். பெரும் பாவிகளுக்கும் சிறிய அபராதமே விதிப்பார். மீதியைத் தாமே உபவாசத்தாலும் கண்விழிப்பாலும் செலுத்துவார்.

இத்தனை பேருக்குத் தேவ இரக்கத்தை வழங்கியவர், தம்மைப்பற்றி மட்டும் பயந்துகொண்டேயிருந்தார். பங்கு நடத்தத் தாம் தகுதியற்றவர், எங்கேனும் ஒதுங்கித் தம் பாவங்களுக்காக அழவேண்டும் என்பது அவர் எண்ணம். 1853-ல் ஓர் இரவு புறப்பட்டும் விட்டார். செய்தி பரவிற்று, கோவில் மணி அடித்தது, ஜனங்கள் வழிமறித்து நின்றார்கள். திரும்பி வந்தவர், நேரே தொட்டியில் போய் உட்கார்ந்தார். சிலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அவருடைய சரித்திரத்தில் மிகவும் ஆறுதலான இடம் இதுவே.

1859 ஜூலைக் கடைசியில், கடும் வெயிலில், தொட்டியிலேயே சோர்ந்து படுக்கையில் விழுந்தார். ஆகஸ்டு 4-ந் தேதி மரித்தார். அந்தக் கடைசி நாட்களிலும், பாவசங்கீர்த்தனத்தை முடிக்காதிருந்த சிலர் அவர் கட்டிலருகே வந்து முழந்தாளிட்டார்கள், அவர் கேட்டார்.