ஜோசப் கோல்ட்பெர்கர்: சாப்பாட்டில் மருந்து கண்ட டாக்டர்

வயசானா புத்தி தடுமாறும்னு எல்லா வீட்டிலும் சொல்றதுதான். ஆனால் வயதால் அல்ல, சாப்பாட்டில் ஒரே ஒரு சத்து இல்லாததால் ஆயிரக்கணக்கான பேருக்குப் புத்தி பேதலித்தது தெரியுமா நண்பர்களே? அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர்.

1874-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, இப்போது ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஓர் ஊரில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் நியூயார்க் வந்துவிட்டது. அப்பா மளிகைக் கடை வைத்தார். இன்ஜினியரிங் படிக்கப் போன பையன் மனசு மாறி மருத்துவம் படித்து, 1895-இல் டாக்டர் ஆனார். 1899-இல் அரசு சுகாதாரப் பணியில் சேர்ந்தார். நோய்களை ஆராயப் போன இடத்தில் மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் மூன்றும் அவரையே பிடித்தன. மூன்றிலும் பிழைத்தார்!

1914-இல் அவரிடம் பெலக்ரா என்ற நோயை ஒப்படைத்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது தலைவிரித்தாடிய நேரம். முதலில் வெயில் படும் இடமெல்லாம் தோல் கருகும். அப்புறம் வயிற்றுப்போக்கு. பிறகு மறதி, குழப்பம், பிதற்றல். கடைசியில் மரணம். மனநல மருத்துவமனைகளில் இந்த நோயாளிகள் நிறைய பேர் இருந்தார்கள். இது கிருமியால் வரும் தொற்றுநோய் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள்.

கோல்ட்பெர்கர் ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளுக்கு வருகிறது, பக்கத்திலேயே இருக்கும் நர்ஸ்களுக்கு வரவில்லை. கிருமிக்கு ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியுமா என்ன? இருவருக்கும் தட்டில்தான் வித்தியாசம். ஏழைகளுக்குக் கிடைத்தது மக்காச்சோள மாவு, கரும்புப் பாகு, பன்றிக் கொழுப்பு, அவ்வளவுதான். ஜாக்சன் நகர அனாதை இல்லங்களிலும் ஜார்ஜியா மனநல மருத்துவமனையிலும் பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுக்க வைத்தார். நோய் போயே போச்சு!

1915-இல் மிசிசிபி சிறைப் பண்ணையில், விடுதலை தருவதாகச் சொல்லி, ஆரோக்கியமான கைதிகளுக்குச் சத்தில்லாத உணவு கொடுத்தார். கடைசிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு பெலக்ரா வந்தது. விஷயம் நிரூபணமானது சரி. ஆனால் கைதிகளை இப்படிப் பயன்படுத்தியதை என் மனசு ஒப்பவில்லை.

அப்பவும் பலர் நம்பலை. 1916-இல் அவர் என்ன செய்தார் தெரியுமா? நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். நோயாளிகளின் தோல் செதில், சிறுநீர், மலம் எல்லாம் கலந்த மாத்திரையை விழுங்கினார். (சாப்பிடும்போது இதைப் படிக்காதீங்க!) அவர் மனைவி மேரியும் ரத்த ஊசி போட்டுக்கொண்டார். யாருக்கும் பெலக்ரா வரவில்லை.

வறுமைதான் வேர் என்று அவர் சொன்னது தென் மாநிலப் பெரிய மனிதர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. விலை மலிவான ஈஸ்டே இந்த நோய்க்கு மருந்து என்று கண்டார். 1927 மிசிசிபி வெள்ளத்தின்போது அகதிகளுக்கு ஈஸ்ட் வழங்கப்பட்டது. 1929 ஜனவரி 17-இல் புற்றுநோயால் இறந்தார். வயது 54. அவர் தேடிய சத்து நியாசின், அதாவது வைட்டமின் பி3 என்று 1937-இல் எல்வஜெம் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார்.

இன்றும் வயதானவர்களுக்கு மறதி என்றால் டாக்டர்கள் ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்ப்பது உண்டு. குறைவு இருந்தால் கொடுப்பார்கள். குறைவே இல்லாதவர்களுக்கு ‘ஞாபக சக்தி மாத்திரை’ என்ன செய்யும்? அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேரில் ஒரு பாதிக்கு ஜிங்கோ மாத்திரையும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் பல வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. மறதி நோய் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான்!