சித்திரவதை செய்த புதிர்க்காரர்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் சார் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், எனக்கு நம் விடுதி வாசகசாலைதான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கத்துக்காக நானும் என் அறைத்தோழனும் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவோம். இருவரும் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள். முதல் மாதம் முழுக்க ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராதுடா என்று அவன் பெட்டியைக் கட்டி ஊருக்கே கிளம்பிவிட்டான். அவனை நிறுத்தி வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் புதிர்கள் ஆங்கிலேயரையே அழவைத்தவை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அப்படி அழவைத்தவர்களில் முதல்வர் எட்வர்ட் பொவிஸ் மாதர்ஸ். 1892-இல் லண்டன் ஃபாரஸ்ட் ஹில்லில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அடிப்படையில் கவிஞர், மொழிபெயர்ப்பாளர். ஆயிரத்தொரு இரவுகளை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. காஷ்மீரக் கவி பில்ஹணரின் சௌரபஞ்சாசிகாவை 1919-இல் ஆங்கிலக் கவிதையாக்கியவர் அவரே.

குறுக்கெழுத்து 1913 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தது. அதில் நேரடியாகப் பொருள் கேட்பார்கள், சொல்ல வேண்டியதுதான். மாதர்ஸுக்கு இது சப்பென்று இருந்தது. எல்லாக் குறிப்புகளையும் மறைபொருளாகவே அமைக்கத் தொடங்கினார். 1926 முதல் அப்சர்வர் பத்திரிகையில் எழுதினார். வைத்துக்கொண்ட புனைபெயர் டார்கிமாடா. ஸ்பெயின் நாட்டு மதவிசாரணைத் தலைவரின் பெயர் அது! வாசகரைச் சித்திரவதை செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மறைபொருள் என்றால் என்ன? தமிழில் நானே ஒன்று சொல்லிப் பார்க்கிறேன்: கொடு மானே, குளத்துப் பூவை. கொடு என்றால் தா, மானில் ஒரு வகை மரை, சேர்த்தால் தாமரை. காளமேகத்தின் சிலேடை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பயமென்ன?

சொற்களை மாதர்ஸ் தேர்ந்தெடுப்பார், அவற்றைக் கட்டத்தில் பொருத்துவது மனைவி ரோஸமண்டின் வேலை. இப்படி அப்சர்வருக்கு மட்டும் 670 புதிர்கள். 1934-இல் அவர் வெளியிட்ட கெய்ன்ஸ் ஜாபோன் இன்னும் பெரிய வம்பு. ஆறு கொலைகள் கொண்ட நூறு பக்கக் கதை, பக்கங்கள் வேண்டுமென்றே மாற்றி அச்சிடப்பட்டவை. வரிசைப்படுத்திக் கொலையாளிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் விடை கண்டவர்கள் இரண்டே பேர். 2019-இல் மறுபதிப்பு வந்த பிறகும் லட்சக்கணக்கானோரா விடை கண்டார்கள்? இல்லை, சிலர்தான்.

1939 பிப்ரவரியில், 46 வயதில் மாதர்ஸ் காலமானார். அவரிடம் குறையே இல்லையா என்றால், உண்டு. விடை தெரிந்த பிறகும் எப்படி வந்தது என்று புரியாத குறிப்புகளும் அவரிடம் இருந்தன. அவருக்குப் பின் ஜிமினெஸ் என்ற பெயரில் வந்த மக்நட் ஒரு பள்ளி ஆசிரியர். குறிப்பு ஏமாற்றலாம், ஆனால் பொய் சொல்லக்கூடாது என்ற நியாயத்தை வலியுறுத்தி 1966-இல் ஒரு புத்தகமே எழுதினார். கேள்வித்தாள் தயாரிக்கும் நம் பேராசிரியப் பெருமக்களும் இதைக் கவனிக்கலாம்!

என் தோழன் ஊருக்குப் போகவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் முழுக் கட்டத்தையும் என்னை முந்திக்கொண்டு முடித்து, பத்திரிகையை என் முன் போட்டான். பின்னாளில் ஆங்கில ஆசிரியராகி, முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னான். இன்று அவன் இல்லை. இந்த ஆண்டு மலரை அவனோடு பங்குபோட்டுப் படிக்க முடியாது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு கட்டமும் நிரம்பாத நாளில் பெட்டியைக் கட்டாதீர்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து திரும்பவும் பாருங்கள். அதே குறிப்பு வேறு மாதிரி தெரியும்.