எலியிடம் மன்னிப்புக் கேட்ட உழவர்

குட்டீஸ்! புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில், பல நாடுகளில் மக்கள் கைகோத்து நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். டி.வி.யில் நீங்களும் பார்த்திருக்கலாம். பழைய நட்பைப் போற்றும் அந்தப் பாட்டின் பெயர் 'ஆல்டு லாங் சைன்'. அதை உலகத்துக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஓர் ஏழை உழவர்! அவர் பெயர் ராபர்ட் பர்ன்ஸ்.

பிரிட்டனின் வடக்கே இருக்கும் ஸ்காட்லாந்துதான் அவரது ஊர். அங்கே ஒவ்வோர் ஆண்டும் அவரது பிறந்த நாளான ஜனவரி 25-ஐ ஒட்டி, பள்ளிக்கூடங்கள் களைகட்டிவிடும். மாணவர்கள் 'டார்ட்டன்' என்னும் கட்டம் போட்ட துணி உடுத்தி வருவார்கள். பேக்பைப் இசை முழங்கும். பர்ன்ஸின் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லும் போட்டி நடக்கும். பிறகு 'ஹாகிஸ்' விருந்து! ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸும் வெங்காயமும் சேர்த்துச் சமைக்கும் உணவு அது. அந்த ஹாகிஸைப் புகழ்ந்தும் பர்ன்ஸ் ஒரு கவிதை எழுதியிருக்கிறார்!

இந்த விழாவில் ஒரு விசேஷம் உண்டு. மாணவர்கள் மேடையில் பேசுவது பாடப்புத்தக ஆங்கிலம் அல்ல. 'ஸ்காட்ஸ்' என்னும் தங்கள் ஊர் மொழி. ஒரு காலத்தில் பட்டிக்காட்டுப் பேச்சு என்று கேலி செய்யப்பட்ட மொழி அது. அது மேடை ஏறியது எப்படி? வாருங்கள், பர்ன்ஸின் கதையைப் பார்ப்போம்.

1759-ம் ஆண்டு, அலோவே என்ற கிராமத்தில், தந்தை தன் கையாலேயே கட்டிய களிமண் குடிசையில் பிறந்தார் பர்ன்ஸ். ஏழு குழந்தைகளில் அவரே மூத்தவர். சில நாட்களிலேயே புயல் அடித்து, குடிசையின் ஒரு பக்கச் சுவர் இடிந்து விழுந்தது. தாயையும் குழந்தையையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிச் சென்று காப்பாற்றினார்கள்.

அம்மா ஆக்னஸ் நிறைய நாட்டுப் பாடல்கள் பாடுவார். உறவுக்காரப் பெண் ஒருவர் பேய்க் கதைகளும் சூனியக்காரிக் கதைகளும் சொல்வார். எல்லாம் ஸ்காட்ஸ் மொழியில்தான்! அப்பாவோ படிப்பில் குறியாக இருந்தார். அக்கம்பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து செலவைப் பகிர்ந்து, குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்தார். அதனால் பர்ன்ஸ் ஆங்கிலமும் நன்றாகக் கற்றார்.

ஆனால், அவர்கள் குத்தகைக்கு எடுத்த நிலம் வளமில்லாதது. 15 வயதிலேயே அந்தப் பண்ணையின் முக்கிய உழைப்பாளி பர்ன்ஸ்தான். 1784-ல் அப்பாவும் இறந்துபோனார். பகலில் ஏர் ஓட்டினார், இரவில் கவிதை எழுதினார்.

1785 நவம்பரில் ஒருநாள், உழுதுகொண்டிருந்தபோது அவரது கலப்பை ஒரு சுண்டெலியின் கூட்டைக் கிழித்துவிட்டது. குளிர்காலம் நெருங்கும் நேரம். எலி இனி எங்கே போகும்? பர்ன்ஸ் அந்த எலியிடமே மன்னிப்புக் கேட்டு ஒரு கவிதை இயற்றினார். எலியும் மனிதனும் எவ்வளவு திட்டமிட்டாலும், அது ஒரு நொடியில் கலைந்துவிடலாம் என்பதே அதன் கருத்து. இன்று பள்ளி விழாக்களில் அடிக்கடி ஒலிக்கும் கவிதைகளில் இதுவும் ஒன்று.

வறுமையும் குடும்பச் சிக்கலும் விரட்ட, 1786-ல் கப்பலேறி ஜமைக்கா தீவுக்குப் போக முடிவு செய்தார் பர்ன்ஸ். அங்கே ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கி வேலை வாங்கிய தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை காத்திருந்தது. ஏழைகளுக்காக உருகிய கவிஞர், அப்படிப்பட்ட வேலைக்குச் சம்மதித்தது வருத்தமான உண்மைதான்.

ஊரைவிட்டுப் போகுமுன், கவிதைகளைப் புத்தகமாக்க நினைத்தார். 1786 ஜூலை 31-ல், கில்மார்னாக் என்ற ஊரில் 612 பிரதிகள் அச்சாயின. விலை மூன்று ஷில்லிங். பெரும்பாலான கவிதைகள் ஸ்காட்ஸ் மொழியில்! ஒரு மாதத்துக்குள் அநேகமாக எல்லாமே விற்றுவிட்டன. பர்ன்ஸ் கப்பல் ஏறவில்லை. இரவல் குதிரை ஒன்றில் ஏறித் தலைநகர் எடின்பரோவுக்குப் போனார்.

அங்கே பெரிய மனிதர்கள் அவரை விருந்துக்கு அழைத்துப் பாராட்டினார்கள். கூடவே ஓர் அறிவுரையும் கிடைத்தது. ஊர் மொழியை விட்டுவிட்டு, நல்ல ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் புகழ் வருமாம்! பர்ன்ஸ் ஆங்கிலத்திலும் எழுதினார். ஆனால், அம்மாவின் மொழியை விடவில்லை.

அதோடு இன்னொரு வேலையையும் தொடங்கினார். கிராமம் கிராமமாக வாய்மொழியில் இருந்த பழைய பாடல்களைத் திரட்டினார். விட்டுப்போன வரிகளைத் தாமே எழுதிச் சேர்த்தார். எடின்பரோவில் வெளியான ஆறு தொகுதிகளில் மொத்தம் 600 பாடல்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பர்ன்ஸின் உழைப்பு! 'ஆல்டு லாங் சைன்' பாட்டையும் ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதியதாகவே சொன்னார். இந்த வேலைக்கு அவர் கூலி கேட்கவில்லை. பதிப்பாளர் ஒருவர் பணம் அனுப்பியபோது கோபித்துக்கொண்டார்.

வயிற்றுப்பாட்டுக்குக் கலால் வரித்துறையில் வேலை பார்த்தார். 1796-ல் நோய் முற்றியது. சிறு கடன் ஒன்றுக்காகச் சிறைக்குப் போக நேருமோ என்று அஞ்சி, அதே பதிப்பாளரிடம் ஐந்து பவுண்டு கேட்டுக் கடிதம் எழுதினார். பதிலுக்குப் பாடல்கள் தருவதாகவும் சொன்னார். பணம் வந்தது. ஆனால், ஜூலை 21-ல் அவர் இறந்துவிட்டார். அப்போது வயது 37 மட்டுமே!

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1801-ல், அவரது நண்பர்கள் ஒன்பது பேர் அந்தக் களிமண் குடிசையில் கூடி விருந்துண்டு, கவிதை படித்தார்கள். அதுதான் முதல் பர்ன்ஸ் விழா. பிறகு அது உலகமெங்கும் பரவி, பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 20-ம் நூற்றாண்டில்கூடப் பல பள்ளிகளில் ஸ்காட்ஸ் பேசிய பிள்ளைகளுக்குத் திட்டும் அடியும் கிடைத்தன. ஆனால், பர்ன்ஸ் விழா அன்று மட்டும் அதே மொழியில் கவிதை சொன்னால் பரிசு! அந்த ஒருநாள், மொழியை வகுப்பறைக்குள் உயிரோடு வைத்திருந்தது. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் பேருக்கு மேல் ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று பதிவு செய்தார்கள். 2025-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, ஸ்காட்ஸ் மொழிக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து கொடுத்தது.

குட்டீஸ்! உங்கள் பாட்டி பேசும்போது பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சொல் காதில் விழுந்தால் சிரிக்காதீர்கள். என்ன அர்த்தம் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பர்ன்ஸ் செய்ததும் அதைத்தானே?