ஆரஞ்சுப் பெட்டிக்கு அடியில் ஒரு பாங்கி!

காய்கறி மண்டியில் வேலை செய்த ஒரு பையன், பிற்காலத்தில் உலகத்திலேயே பெரிய பாங்கிக்குத் தலைவன் ஆனான். அந்தப் பையன்தான் ஜியானினி.

அவருடைய பெற்றோர் இத்தாலியர்கள். தகப்பனாருக்குச் சொந்த ஊர், ஜெனோவா நகருக்கு அருகே ஒரு மலைக் கிராமம். பிழைப்புக்காக அமெரிக்கா போனவர். 1870-ம் ஆண்டு கலிபோர்னியாவில் ஜியானினி பிறந்தார்.

அவர் சிறு பையனாக இருந்தபோதே குடும்பத்தில் இடி விழுந்தது. சொற்பப் பணத் தகராறில் ஓர் ஆள் அவருடைய தகப்பனாரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். தாயார் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை ஸ்கடேனா சான்பிரான்சிஸ்கோவில் கமிஷன் மண்டி வைத்தார். ஜியானினி படிப்பை விட்டுவிட்டு மண்டியில் சேர்ந்தார்.

மெத்தைக்குள் பணம்

அந்த நகரில் நார்த் பீச் என்ற பகுதி முழுவதும் இத்தாலியர்கள். நாடு மாறியும் அவர்களுடைய பழக்கம் மாறவில்லை. வீட்டில் தாய்மொழிதான் பேசினார்கள். சாப்பாட்டோடு திராட்சை மதுவும் இருக்கும். மீனவர்கள் சொந்த நாட்டுப் படகு போலவே முக்கோணப் பாய் கட்டிய படகுகளைச் செய்து கடலுக்குப் போனார்கள். பிறகு மோட்டார் வந்தது. படகில் மோட்டாரையும் பொருத்திக்கொண்டார்கள்!

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் அவர்களைக் கெடுத்தது. சேர்த்த பணத்தை மெத்தைக்குள் ஒளித்து வைப்பார்கள். பாங்கிக்குப் போக அச்சம். அங்கே பேசும் இங்கிலீஷ் புரியாது. பெரிய பாங்கிகளோ ஏழைகளுக்குச் சில்லறைக் கடன் கொடுக்காது.

ஜியானினி அப்போது ஒரு சிறு பாங்கியின் டைரக்டர். ஏழைகளுக்கும் கடன் கொடுக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் மறுத்தார்கள். அவர் விலகினார். 1904-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி, மதுக்கடையாக இருந்த ஒரு கட்டிடத்தில் சொந்தமாகப் பாங்கி திறந்தார். "இத்தாலிய பாங்கி" என்று பெயர் வைத்தார்.

குமாஸ்தாக்கள் இத்தாலிய மொழி பேசினார்கள். ஜியானினி தெருத் தெருவாகப் போய், பணம் போடும்படி கேட்டார். 25 டாலர் கடன் கேட்டாலும் கொடுத்தார். மெத்தைக்குள் இருந்த பணம் வெளியே வந்தது.

பூகம்பம்!

1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி விடியற்காலை பூமி அதிர்ந்தது. நகரம் தீப்பற்றி எரிந்தது. தெருவில் கொள்ளைக்காரர்கள் பயம். ஜனங்கள் நம்பிக் கொடுத்த பணத்தை எப்படிக் காப்பாற்றுவது?

ஜியானினி மண்டி வண்டிகளை வரவழைத்தார். சுமார் 80 ஆயிரம் டாலர் பொன்னையும் வெள்ளியையும் ஏற்றினார். மேலே ஆரஞ்சுப் பெட்டிகளை அடுக்கினார். இரவோடு இரவாகத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணப்பு அடுப்பின் சாம்பல் குழியில் ஒளித்து வைத்தார். மெத்தைப் பணம் வேண்டாம் என்று சொன்னவருக்கும், அன்று வீடுதான் கை கொடுத்தது!

மற்ற பாங்கிகளின் இரும்பு அறைகள் தீயில் பழுக்கக் காய்ந்து கிடந்தன. அவற்றைத் திறந்தால் உள்ளே உள்ள நோட்டு எரிந்துவிடும். ஆகவே பல நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜியானினியோ கப்பல் துறையில் இரண்டு பீப்பாய்கள் மேல் ஒரு பலகையைப் போட்டார். அதுதான் பாங்கி! வீடு கட்டவும் தொழில் தொடங்கவும் கடன் கொடுத்தார். அடமானம் இல்லை. முகம் பார்த்தார், உழைத்துக் காய்த்த கையைப் பார்த்தார், கொடுத்தார். அந்தக் கடன்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன என்று சொல்வார்கள்.

பாங்கி கலிபோர்னியா எங்கும் கிளை விட்டது. 1930-ல் "அமெரிக்க பாங்கி" என்ற பெயருக்கு மாறியது. 1945-ல் உலகில் முதல் இடம் பிடித்தது.

1928-ல் தமக்கு லாபத்தில் வரவேண்டிய 15 லட்சம் டாலரை ஜியானினி வாங்கிக்கொள்ளவில்லை. விவசாயப் பொருளாதார ஆராய்ச்சிக்காகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கச் செய்தார்.

1949-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானார். கோடிக்கணக்கான டாலர் புரண்ட பாங்கியின் அதிபர் விட்டுச் சென்ற சொத்து, 5 லட்சம் டாலருக்கும் குறைவு!