அணைந்துபோன டார்ச்சும் ஜிம் கார்பெட்டும்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். எடிசன், சர்.சி.வி.ராமன், விஸ்வேஸ்வரய்யா எல்லாம் ஏற்கெனவே வகுப்புத் தோழர்கள் எடுத்துக்கொண்டாயிற்று. நான் எடுத்திருப்பது ஒரு வேட்டைக்காரரை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு வேட்டைக்காரரிடம் என்ன வேலை என்று சீனியர் அண்ணன் ஒருவர் கேட்டார். பேட்டரிதான் அண்ணா வேலை என்றேன். அவர் சிரித்தார். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஜிம் கார்பெட் 1875 ஜூலை 25ஆம் தேதி இமயமலை அடிவாரத்தில் உள்ள நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். ஜிம்முக்கு ஆறு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். வீட்டில் பிள்ளைகள் ஏராளம், வருமானம் குறைவு. வெள்ளைக்காரக் குடும்பம்தான் என்றாலும் பங்களாவும் பல்லக்குமாக வாழ்ந்த குடும்பம் இல்லை. எட்டு வயதில் அவர் கைக்கு வந்த முதல் துப்பாக்கி இரட்டைக் குழல் கொண்டது. அதில் ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் கழன்று விழாமல் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஆக, கையில் இருந்தது ஒரே குண்டு. அது தவறினால் மறுபடி மருந்து இடித்து, குண்டு போட்டு நிரப்புவதற்குள் காட்டுக்கோழி பறந்துவிடும். எதையும் வீணாக்காத பழக்கம் அந்தக் கம்பி சுற்றிய துப்பாக்கியிலிருந்து வந்தது என்பது என் கணக்கு.

பதினெட்டை ஒட்டிய வயதில், அதாவது இப்போது எனக்கு ஆகிற வயதில், ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். ரயில் எஞ்சினுக்கு விறகு வெட்டிக் கொடுக்கும் வேலை. பிறகு பீகாரில் கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் கான்ட்ராக்ட். அகல ரயில் பாதை வண்டியில் வந்த மூட்டைகளை இறக்கி, ஆற்றைத் தாண்டி மீட்டர் கேஜ் வண்டிக்குப் போய்ச் சேர அனுப்ப வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். ஆரம்பத்தில் சில மாதம் ரயில்வேயிலிருந்து பணம் வரவில்லை. கூலி ஆட்களும் அவரும் ஒரு வேளை சாப்பாட்டோடு வேலை பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஊரில் அவர் செய்த ஒரு காரியம் வேட்டைக் கதைகளைவிட எனக்குப் பிடிக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரண் என்பவரோடு சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஒரே கட்டடத்துக்குள் மேல்சாதிப் பிள்ளையும் கீழ்சாதிப் பிள்ளையும் உட்காரக் கூடாது என்று பிரச்சனை வந்தது. இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? சுவரை எடுத்துவிட்டார்கள்! சுவர் இல்லாவிட்டால் அது கட்டடம் இல்லை, கொட்டகை. கொட்டகைக்குள் யாரும் உட்காரலாமாம். இருபது பையன்களோடு ஆரம்பித்தது இருநூறு வரை போனது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அந்தக் கொட்டகையில் முதல் நாள் உட்கார்ந்த பையன்களைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இதற்கு நடுவில் 1907இல் சம்பாவத் என்ற ஊரில் 436 பேரைக் கொன்ற பெண்புலியை அவர் சுட்டார். அதிலிருந்து எங்கே ஆட்கொல்லி வந்தாலும் மலை ஜனங்கள் கார்ப்பெட் சாகிப்பைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போரில் 1917இல் 500 குமாவுன் ஆட்களை அழைத்துக்கொண்டு பிரான்ஸ் போய்த் திரும்பினார். இவற்றை வேகமாகத் தாண்டி நான் சொல்ல வந்த ராத்திரிக்குப் போகிறேன்.

கேதார்நாத், பத்ரிநாத் போகும் யாத்திரை வழியில் ருத்ரபிரயாகை என்ற ஊர் இருக்கிறது. 1918 முதல் 1926 வரை அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சிறுத்தை, அரசாங்கக் கணக்குப்படி 125 பேரைக் கொன்றது. அது ராத்திரியில் மட்டும் வரும். சாயங்காலம் ஆனால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். கார்பெட் 1925 இலையுதிர் காலத்தில் போய் வாரக்கணக்கில் ராத்திரி கண்விழித்துப் பார்த்து, உடம்பு தாங்காமல் திரும்பி, அடுத்த வருஷம் மறுபடி போனார்.

இருட்டில் வேட்டையாடுகிறவனுக்குத் துப்பாக்கி பெரிய விஷயம் இல்லை நண்பர்களே. குழல் நுனியில் இருக்கும் குறிமுள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மிருகமும் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் எவ்வளவு பெரிய துப்பாக்கியும் வெறும் இரும்புக்கம்பிதான். ஒரு ராத்திரி கார்பெட்டும் அவர் நண்பர் இபட்சனும் மேன்டில் போட்ட பெட்ரோல் விளக்கோடு மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். நம்ம ஊர் கல்யாண ஊர்வலத்தில் தலையில் வைத்துத் தூக்கிப்போவார்களே, அந்த ஜாதி விளக்கு. பாறையில் இடித்து மேன்டில் உதிர்ந்துவிட்டது. நீல நாக்கு மாதிரி கொஞ்சம் தீ மட்டும் எரிகிறது. அதுவும் சில நிமிஷத்தில் வெடித்துவிடும் என்ற பயம். எப்படியோ ஒரு வீட்டுக்கு ஓடிச் சேர்ந்துவிட்டார்கள். காலையில் பார்த்தால் அவர்கள் நடந்த வழியில் சிறுத்தையின் கால்தடம்! வேட்டையாடப் போனவர்களை அது வேட்டையாடியிருக்கிறது.

கடைசியில் குலாப்ராய் என்ற இடத்தில் பாதையோரம் ஒரு மாமரத்தில் ஏறி உட்கார்ந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. கையில் துப்பாக்கி, அதோடு ஒரு டார்ச். அந்தக் காலத்தில் இந்தியாவில் டார்ச் வைத்திருந்தவர்களே குறைவு. பத்து ராத்திரி உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. டார்ச்சை அடித்து அடித்துச் சுற்றிப் பார்க்கவும் முடியாது. பார்த்தால் சிறுத்தைக்குத் தெரிந்துவிடும், பேட்டரியும் தீரும். இருட்டிலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 1926 மே மாதத் தொடக்கத்தில் பதினொன்றாம் ராத்திரி, நாய்கள் குரைத்தன. கொஞ்ச நேரம் கழித்து ஆட்டின் மணி வேகமாக அடித்தது. கார்பெட் பட்டனை அழுத்தினார். குறி நேராகச் சிறுத்தையின் தோள்பட்டையில் இருந்தது. சுட்டார். டார்ச் அணைந்துவிட்டது.

அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த வெளிச்சம். குண்டு பட்டதா, சிறுத்தை காயத்தோடு மரத்தடியில் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. விடிய விடிய மரத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் இறங்கிப் போனால் கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளத்தில் வயதான ஆண் சிறுத்தை செத்துக் கிடந்தது.

இந்த இடத்தை நூலகத்தில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். அப்பா வேர்க்கடலைக் கொல்லைக்கு ராத்திரிக் காவல் போவார். காட்டுப்பன்னி ஒரு ராத்திரி புகுந்தால் அரை ஏக்கர் காலி. அப்பாவிடம் பழைய பல்பு போட்ட மூணு கட்டை டார்ச் உண்டு. ஏழாவது படிக்கும்போது பரீட்சைக்கு முந்தின ராத்திரி கரண்ட் போய்விட்டது. அப்பா தூங்கும்போது அந்த டார்ச்சை எடுத்துப் போர்வைக்குள் வைத்துப் படித்தேன். இரண்டு மணி நேரம் இருக்கும். மறுநாள் அப்பா கொல்லைக்குப் போய்ப் பட்டனை அழுத்தினால் பல்பு சிவப்பாகக் கண்ணைக் காட்டிவிட்டு அணைந்துவிட்டது. வரப்பிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஒன்றரை மாதம் அம்மா கூலிதான் வீட்டை ஓட்டியது. டார்ச்சை எடுத்தது நான்தான் என்று அப்பாவுக்குத் தெரியும். இதுவரை கேட்டதில்லை.

அப்பா கட்டையை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். நான் கிண்டல் பண்ணுவேன். மூணாவது செமஸ்டர் லேபில்தான் என் வாயடைத்தது. கார்பன்-ஜிங்க் செல்லில் கரண்ட் எடுக்க எடுக்க உள்மின்தடை ஏறும், உள்ளே உண்டாகும் ஹைட்ரஜனை மாங்கனீஸ் டை ஆக்சைடு வாங்கிக்கொள்ள நேரம் வேண்டும். ஓய்வு கொடுத்தால் வோல்டேஜ் கொஞ்சம் மீண்டு வரும். சூடு பட்டால் ரசாயன மாற்றம் வேகமாகும். அதனால் தளர்ந்துபோன கட்டையும் கொஞ்ச நேரம் நன்றாக எரியும், பிறகு சட்டென்று விழும். மாமரத்தில் நடந்ததும் இதுதான் என்பது என் ஊகம். சும்மா இருந்து தேறியிருந்த பேட்டரி, முதல் சில விநாடி வெளிச்சத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டது. முன்னாடியே பயந்து நாலு தடவை அடித்துப் பார்த்திருந்தால் அந்தச் சில விநாடியும் போயிருக்கும்.

இன்றைக்கு வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் துப்பாக்கியில் எலக்ட்ரானிக் குறிநோக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், உள்ளே எல்.இ.டி. கால்குலேட்டரில் போடும் பட்டன் மாதிரி சி.ஆர். 2032 லித்தியம் செல் ஒன்று போதும். அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. புள்ளி 0.1 மில்லி ஆம்பியர் எடுத்தால் 2,200 மணி நேரம், மூன்று மாதம். பிரகாசத்தைக் கூட்டி 1 மில்லி ஆம்பியர் ஆக்கினால் ஒன்பது நாள்தான். அதனால் தேவைக்கு மேல் கூட்டக் கூடாது. அசைவு இல்லாவிட்டால் தானே அணைந்து, தூக்கினால் எரிகிற சென்சாரும் வைக்கிறார்கள். குளிரில் செல் சோர்ந்துவிடும் என்பதால் ஸ்பேர் செல்லைச் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வார்களாம். வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் வகை என்றால் சில மணி நேரத்தில் பேட்டரி காலி. ஸ்பேர் இல்லாமல் காட்டுக்குப் போகவே கூடாது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதற்கெல்லாம் வேலை இல்லை, நல்லதுதான்.

கார்பெட்டும் பிற்காலத்தில் துப்பாக்கியைக் குறைத்து சினிமா கேமராவால் புலிகளைப் படம் பிடித்தார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவுன் அடிவாரத்தில் அமையப் பாடுபட்டவர்களில் அவர் ஒருவர். 1944இல் குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய புத்தகம் வந்து உலகமெல்லாம் பெயர் பரவியது. 1947இல் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போய்விட்டார். 1955 ஏப்ரல் 19ஆம் தேதி அங்கே நியேரி என்ற ஊரில் காலமானார். பிறந்த மண்ணை விட்டு ஏன் போனார் என்று எனக்கு இன்னும் வருத்தம்தான். 1957இல் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

2018 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கார்பெட் காட்டிலும் மரத்தில் கட்டிய பெட்டிகள் இருந்தன. புலி வரும்வரை தூங்கும், வந்தால் விழித்து ஒரு படம் எடுக்கும், மறுபடி தூங்கும். அந்தக் காட்டில் மட்டும் 231 புலி என்று கணக்கு வந்தது. 2022இல் 260.

போன பொங்கலுக்கு, லீவு நாளில் மாமல்லபுரத்தில் ஒரு கடையில் நின்று சம்பாதித்த காசில் அப்பாவுக்கு சார்ஜ் போடும் எல்.இ.டி. டார்ச் வாங்கிக் கொடுத்தேன். ஒரு சார்ஜுக்கு ஆறு மணி நேரம் எரியும், தாராளமா அடிங்கப்பா என்றேன். சரிடா என்றார். அன்று ராத்திரி நானும் கூடப் போனேன். பட்டனை அழுத்தி, வரப்பைப் பார்த்து, உடனே அணைத்துவிட்டு இருட்டில் பத்தடி நடந்தார். பழைய மூணு கட்டை டார்ச் இடுப்பில் இருந்தது.