தாதியருக்குப் பொதுத் தேர்வு வேண்டாம் என்ற நைட்டிங்கேல்: காரணம் தெரியுமா?

ஜொகூர், தம்போயில் உள்ள பெர்மாய் மனநல மருத்துவமனைக்கு நீங்க தாதிமைப் பயிற்சிக்குப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். நோயாளி ராத்திரி தூங்கினாரா, சாப்பிட்டாரா, அவர் பேச்சு மாறியிருக்கிறதா? இதை எந்த மெஷினும் சொல்லாது. நீங்கதான் கவனிக்கணும். ஆனால், அந்தக் கவனிப்புக்கு எப்படி மார்க் போடுவது?

இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

விளக்கு மட்டுமல்ல, கணக்கும்

1820 மே 12-ல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர் பேரே அவருக்கும் பேர். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். தாதி வேலைக்கு வீட்டில் கடும் எதிர்ப்பு. 1854-ல், கிரைமியப் போரின்போது, 38 பெண்களோடு ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அது இன்றைய இஸ்தான்புல்லில் இருக்கிறது. அங்கே காயத்தைவிட நோயால்தான் அதிக வீரர்கள் இறந்தார்கள். நாடு திரும்பியதும் அதை எண்ணிக்கையாலும் வரைபடத்தாலும் காட்டினார்.

மாதாமாதம் மார்க்

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மாணவிகளை மாதந்தோறும் மதிப்பிட ஒரு படிவம் இருந்தது. நோயாளியைக் கவனிப்பது அதில் தனிப் பகுதி: நாடித்துடிப்பு, மூச்சு, தூக்கம், பசி, புண்ணின் நிலை, மருந்து கொடுத்த பிறகு வந்த மாற்றம். மதிப்பு, மிகச் சிறப்பு முதல் பூஜ்யம் வரை.

ஏன் எதிர்த்தார்?

1880-களின் இறுதியில் எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற தாதி, தேர்வு எழுதித் தேறியவர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று போராடினார். பயிற்சி இல்லாதவரிடமிருந்து நோயாளியைக் காக்க வேறு வழியில்லை என்பது அவர் வாதம். நைட்டிங்கேல் ஒப்பவில்லை. பரீட்சை அறிவை அளக்கும், குணத்தை அளக்காது. பெயர் பதிவானதும் கற்பது முடிந்ததாக நினைத்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார்.

1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் நைட்டிங்கேல் காலமானார். 1919-ல் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேட்டில் முதல் பெயர் ஃபென்விக்.

யார் ஜெயித்தது?

மலேசியாவிலும் 1950-ம் ஆண்டு தாதியர் சட்டம் இருக்கிறது. தாதியர் வாரியத் தேர்வில் தேறினால்தான் பதிவு. இதில் ஃபென்விக் ஜெயித்துவிட்டார். ஆனால் வார்டில் பயிற்றுநர் பக்கத்தில் நின்று, நீங்க நாடி பார்ப்பதையும் நோயாளியிடம் பேசுவதையும் மதிப்பிடுகிறாரே, அது நைட்டிங்கேலின் வழி. நோயாளிக்கு இரண்டுமே வேணும்.