காட்டுக்குள் கரண்ட் கொண்டுபோன எடிசன்

வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வச்சு ஊர் ஊராகச் சுத்துற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. சீட்டுக்கு அடியில் ஒரு பேட்டரி, பக்கத்தில் ஒரு இன்வெர்ட்டர். ப்ளக்கைச் சொருகினால் மிக்ஸி ஓடுது, லேப்டாப் சார்ஜ் ஆகுது. நூறு வருஷத்துக்கு முன்னாடியே வண்டியில் பேட்டரி ஏற்றிக்கொண்டு போய், காட்டுக்குள் கூடாரத்தில் பல்பு எரியவிட்ட ஒரு மனுஷர் இருந்தார். அவரிடம் இன்வெர்ட்டர் இல்லை. கடையில் கிடைத்திருந்தாலும் வாங்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான். ஏன்னா, அவர் தாமஸ் ஆல்வா எடிசன்.

ஸ்கூல்ல பல்பு பாடத்தில் படிச்ச அதே எடிசன்தான். ஆனா இங்கே நாம பார்க்கப்போறது அவரோட பேட்டரி கதை.

1847-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மிலன் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். சின்ன வயசிலேயே காது மந்தம். ரயிலில் பேப்பர் விற்றார், தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டார். லூயிவில் நகரத்தில் தந்தி ஆபரேட்டராக நைட் ஷிஃப்ட் பார்த்தபோது, வேலை நேரத்தில் பேட்டரியை வைத்து ஏதோ சோதனை செய்திருக்கிறார். அமிலம் கொட்டி, பலகைத் தரையின் இடுக்கு வழியாக இறங்கி, கீழே மேலதிகாரியின் மேசையில் சொட்டியதாம். மறுநாளே வேலை போச்சு. அந்த அமிலம் கடைசி வரைக்கும் அவர் மனசில் இருந்திருக்கும் போல.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1877-ல் போனோகிராஃப், 1879-ல் பல்பு, 1882 செப்டம்பர் 4-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம். அங்கிருந்து போனது 110 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம். அதில் ஒரு சிக்கல். வோல்டேஜ் குறைவு என்றால், அதே பவருக்குக் கரண்ட் அதிகம் வேணும். கரண்ட் அதிகமானால் ஒயர் சூடாகும். அந்தச் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் நிலையத்திலிருந்து ஒரு மைல் சுற்றளவு தாண்டுவதே கஷ்டம். செப்புக் கம்பியைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் காசு தாங்காது.

எதிர்ப் பக்கம் வெஸ்டிங்ஹவுஸ் ஏசியோடு வந்தார். ரூம்ல ஓடுற ஏசி இல்லை, மாறுதிசை மின்னோட்டம். ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றி, தூரமாக அனுப்பி, வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிக்கொள்ளலாம். எடிசன் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. 1888-ல் ஏசி எவ்வளவு ஆபத்து என்று காட்டுவதற்காக அவருடைய ஆய்வகத்திலேயே விலங்குகளுக்கு ஷாக் கொடுத்துக் கொன்றார்கள். அவர் வாழ்க்கையின் அசிங்கமான பக்கம் அது, மறைக்க வேண்டியதில்லை. 1892-ல் அவருடைய கம்பெனி வேறொன்றோடு இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனது. பெயரிலிருந்து எடிசன் காணாமல் போனார். அந்தக் கம்பெனியும் ஏசி பக்கம் போய்விட்டது.

தோத்த மனுஷன் என்ன செய்வான்? எடிசன் பேட்டரிக்குப் போனார். ரோட்டில் எலக்ட்ரிக் கார்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றிலிருந்த ஈய-அமில பேட்டரி கனம், சீக்கிரம் கெட்டுப்போகும். அமிலமே வேண்டாம் என்று முடிவு செய்து, நிக்கல், இரும்புத் தகடுகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரக் கரைசலில் வைத்தார். 1903-ல் விற்பனைக்கு வந்தது. விளம்பரம் பெருசு. ஆனா செல்கள் ஒழுகின, கொள்ளளவும் குறைந்துகொண்டே வந்தது.

இங்கேதான் கவனிக்கணும். ஏசி விஷயத்தில் பிடிவாதம் பிடித்த அதே ஆள், பேட்டரி விஷயத்தில் உற்பத்தியை நிறுத்தினார். விற்றதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வயது ஐம்பத்தேழைத் தாண்டியிருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, வருஷக்கணக்கில் சோதனை செய்து, 1910 வாக்கில் நிஜமாகவே உழைக்கிற பேட்டரியைக் கொண்டுவந்தார். ஆனா அதற்குள் பெட்ரோல் கார்கள் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டன. ஹென்றி ஃபோர்டு தன் மாடல் டி காரை ஸ்டார்ட் செய்ய அதைப் பயன்படுத்த ஆசைப்பட்டார், சரிவரவில்லை. உள்மின்தடை அதிகம், குளிரில் சட்டென்று பெரிய கரண்ட் தர முடியாது. ஆனால் ரயில் சிக்னலிலும் சுரங்கத் தொழிலாளர் விளக்கிலும் அது பல வருஷம் தாங்கியது.

அந்த ஃபோர்டு, டயர் கம்பெனி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ், எடிசன். இந்தக் கூட்டத்துக்கு நாடோடிகள் என்று பேர். 1910-களின் நடுவிலிருந்து 1924 வரை பல கோடைகளில் கார் கார்களாகக் கிளம்பி, அப்பலாச்சியன் மலை, அடிரான்டாக் காடு என்று சுத்தினார்கள். சமையலுக்குத் தனி வண்டி, ஆளுக்கொரு கூடாரம். 1921-ல் அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கே வந்து இவர்களோடு தங்கினார். ராத்திரியானால் கூடாரங்களில் எடிசனின் பேட்டரியில் பல்பு எரியும். சுத்தமான டிசி. பேட்டரியிலிருந்து பல்பு வரை சில அடிதான். மைல் கணக்கு அங்கே தேவையே இல்லை. நகரத்தில் தோற்ற டிசி காட்டில் ஜெயித்தது.

அதே பேட்டரிக்கு ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1916 ஜனவரியில் புரூக்ளின் கப்பல்தளத்தில், எடிசன் பேட்டரி பொருத்திய ஈ-2 நீர்மூழ்கியில் ஹைட்ரஜன் தேங்கி வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் சிலர் செத்துப்போனார்கள். திறந்த கூடாரத்தில் பிரச்சினையில்லாத வாயு, மூடிய அறையில் எமன்.

கடைசி நாடோடிப் பயணத்துக்கு அடுத்த வருஷம், 1925-ல், டிசியை ஏசியாக மாற்றும் கருவி பற்றி ஒரு கட்டுரை வந்தது. தலைப்பே இன்வெர்ட்டர். எழுதியவர் டேவிட் பிரின்ஸ். வெளிவந்த இடம் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சொந்தப் பத்திரிகை! எடிசன் பெயரைக் கழற்றிய அதே வீட்டிலிருந்துதான் டிசிக்கும் ஏசிக்கும் சமாதானத் தூது கிளம்பியது. 1931 அக்டோபர் 18-ல் எடிசன் காலமானார், 84 வயதில்.

இப்ப உங்க ப்ராஜெக்ட்டுக்கு வாங்க. வேனில் 12 வோல்ட் பேட்டரி, 1200 வாட் லோடு. 1200-ஐ 12-ஆல் வகுத்தால் 100 ஆம்பியர். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 110 பக்கம். ஒயரில் மொத்தம் 0.01 ஓம் மட்டும் இருந்தாலே 1.1 வோல்ட் காணாமல் போகும், 120 வாட் சூடாகும். பேட்டரி பாதி தீர்ந்திருந்தால் இன்வெர்ட்டர் லோ-வோல்டேஜ் காட்டி அணைந்துவிடும். பேர்ல் தெருவில் எடிசனைத் தோற்கடித்த அதே கணக்கு உங்க சீட்டுக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கு. அதனால் இன்வெர்ட்டரை பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்க, தடிமனான ஒயர் போடுங்க, பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே ஃப்யூஸ் மாட்டுங்க. 24 வோல்ட்டுக்கு மாறினால் கரண்ட் பாதி, அதே ஒயரில் சூடு கால்வாசி.

எல்இடி விளக்கையும் டிசி ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாதீங்க. நேராக பேட்டரியிலிருந்து எடுங்க, எடிசன் கூடாரத்தில் செய்த மாதிரி. ஈய-அமில பேட்டரி என்றால் காற்றோட்டம் கட்டாயம், ஈ-2-வை நினைச்சுக்கோங்க. முதல் டிசைன் சொதப்பினால் வெட்கப்படாம கழற்றிட்டு மறுபடி போடுங்க. அதை அந்தக் கிழவர் ஐம்பத்தேழு வயதுக்கு மேல் செய்தார். நமக்கு இன்னும் இருபதுதானே ஆச்சு.